பிளம்பர் வீட்டுக் குழாய்

ஊர்க் குழாய்களையெல்லாம் அடக்கி வைத்த பிளம்பரின் சொந்தக் குளியலறைக் குழாய் மட்டும் வருடக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. குடியிருப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி. அங்கே சுவர்கள் அப்படி, ஒரு வீட்டில் தும்மினால் மறுவீட்டில் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு மைலோமா என்று தெரிந்தபோதும் அப்படித்தான், மாலைக்குள் மாடிப்படியெல்லாம் டாக்டர்கள். நிஜ டாக்டரம்மா சொன்னது சுருக்கம்தான். எலும்பு மஜ்ஜையில் வந்த புற்றுநோய். அங்கே உருவாகும் கெட்ட புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொண்டுவிட்டது.

அடைப்பு என்றதும் பிளம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் துறை ஆயிற்றே.

"சரியாகிடுமா டாக்டர்?"

"கீமோ கேட்டா புரதம் குறையும். சிலருக்குச் சிறுநீரகம் முழிச்சுக்கும், சிலருக்கு முழிக்காது. சிறுநீர் கூடுதான்னு பார்த்துட்டே இருங்க. அதுவரைக்கும் டயாலிசிஸ். தண்ணி அளந்துதான் குடிக்கணும்."

அன்றிலிருந்து குளியலறையில் சிறுநீரை அளக்கக் கோடு போட்ட மக் ஒன்று குடியேறியது. அதன் அடியை நனைத்தாலே பெரிய காரியம். மேல்மாடி அக்கா படியில் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "இன்னிக்கு எவ்வளவு?" என்பாள். அக்கறைதான், அதில் குறை சொல்ல முடியாது.

ஒரு மதியம் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பிளம்பர் யோசித்தார். அடைப்பு என்றால் அழுத்தமாகத் தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியதுதானே? இந்தச் சின்ன விஷயம் இவ்வளவு படித்தவர்களுக்குத் தோன்றவில்லையே! குடத்தைச் சாய்த்து வயிறு முட்டக் குடித்தார். சாயங்காலம் மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, ஆம்புலன்ஸ் வந்து, அவசர டயாலிசிஸில்தான் உயிர் தங்கியது.

மறுநாள் வார்டில் மச்சினன் மெல்ல ஆரம்பித்தான். "மாமா, அடைச்ச சிங்க்ல குழாயைத் திறந்து விட்டாங்கன்னு மூணாவது மாடி டீச்சரை ஒரு பிடி பிடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டீச்சர் வீட்டுச் சமையலறையே மிதந்தது.

"முதல்ல கசடு வர்றதை நிறுத்தணும்டா," என்றார் பிளம்பர், கூரையைப் பார்த்தபடி.

"அதைத்தானே அவங்க மருந்து போட்டுச் செஞ்சுட்டு இருக்காங்க!"

பிளம்பர் எந்த வீட்டிலும் கை கட்டி உட்கார்ந்திராத மனிதர். இந்த வேலையில் அவருக்குக் கொடுத்திருப்பது சும்மா உட்காருவது ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி கடைசியில் சொன்னாள், "குடிச்சதுக்குக்கூட எனக்குக் கோபமில்ல. என்கிட்ட சொல்லாம, சரியாகிடும்னு தனியா ஆசைப்பட்டீங்க பாருங்க, அதுதான்."

வீடு திரும்பிய பின் ஒரு நாள் குளியலறைக்குள் நீர் விழும் சத்தம். அவள் அடுப்பை அப்படியே விட்டு ஓடினாள். "என்னங்க, வருதா?"

கதவு திறந்தது. "அது குழாய்," என்றார் அவர்.

அவள் அடுப்புக்குத் திரும்பிப் போனாள். அந்த முதுகைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்பானரைத் திருகவும் மூச்சு வாங்கவுமாக, முன்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கிற வேலையை மதியம்வரை இழுத்து, வாஷரை மாற்றினார். குடியிருப்பே அந்த அமைதியைக் கேட்டது. மேல்மாடி அக்காவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லையாம்.

கீமோ தொடர்ந்தது. புரதம் இறங்குகிறது என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. மக் பழையபடிதான் இருந்தது.

பிறகு ஒரு காலை. மேல்மாடி அக்கா வாசலில் நின்று விசாரணையைத் தொடங்கியிருந்தாள். உள்ளே நீர் விழும் சத்தம். நின்றது. மறுபடி விழுந்தது.

மனைவி குளியலறைக் கதவருகே போய் நின்றாள். முன்போல் ஓடவில்லை. "என்னங்க... குழாயா?"

உள்ளே மக்கைத் தரையில் வைக்கும் சத்தம்.

"குழாயைத்தான் சரி பண்ணிட்டேனே," என்றது உள்ளிருந்து ஒரு குரல், நம்பாத குரல்.

"எவ்வளவு? எவ்வளவு?" என்று அக்கா வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பொறுங்கக்கா, நாங்களே இன்னும் பார்க்கல," என்று மனைவி வாசற்கதவைச் சாத்தினாள்.