அழுகிற பிள்ளைக்கு ஒரு துளி

1

இருந்தவர்கள்: மோகனசுந்தரம், அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி, மகன் கோபால், நேர்ஸ் வேலை பார்க்கும் மருமகள் வசுமதி, அவள் மடியில் பல் முளைக்கும் பேத்தி. இடம், ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய வீடு. ஆண்டு 1976, ஒரு மத்தியானம். வேறு ஒருவரும் இல்லை. ஆனாலும் கதை வெளியே போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

(மோகனசுந்தரம் நான்தான். ‘அவர்’ என்று எழுதினால்தான் எழுத வருகிறது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளைக்கார டொக்டர்மார் குடும்பங்களுக்கு எழுதிய வீட்டு வைத்தியப் புத்தகங்களைப்போலத் தமிழில் ஒன்று எழுதிய முதல் மனிதர், யாழ்ப்பாணத்து டொக்டர் வைத்திலிங்கம்…’

‘முதல் மனிதர்’ என்பதற்குச் சாட்சி இல்லை. அடித்துவிட்டேன். அவர் மோகனசுந்தரத்தின் பாட்டனார். அந்தப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்து ரொறன்ரோத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுக்க இவர் எண்ணியிருந்தார். இவ்வளவும் உண்மை.

3

பேத்தி வீரிட்டு அழுதாள்.

“உங்கட பாட்டனார் இதுக்கு என்ன சொல்லுறார்? வாசியுங்கோவன்,” என்றாள் அகிலாண்டேஸ்வரி.

“அப்பிடியே கார் ஸ்ரார்ட் ஆகாட்டி என்ன செய்யிறது எண்டும் பாருங்கோ,” என்றான் கோபால்.

மோகனசுந்தரம் அவனை முறைத்துவிட்டு, சபையில் நிற்பவர்போல எழுந்து நின்று வாசித்தார்:

‘பல் முளைக்கையில் ஓயாது அழும் பிள்ளைக்கு அபின் கரைசல் ஒரு துளி கொடுக்க, உடனே நித்திரை கொள்ளும். எம் வீட்டிலேயே கொடுத்துக் கண்டது.’

“மாமா!” வசுமதி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “அபினோ?”

“அந்தக் காலத்திலை வெள்ளைக்கார டொக்டர்மாரும் இதைத்தான் குடுத்தவை, பிள்ளை.”

“ஓம் மாமா. கன பிள்ளையள் பிறகு எழும்பேல்லை.”

அகிலாண்டேஸ்வரி மெல்லக் கேட்டாள்: “உங்கட அப்பான்ர தங்கச்சி… தொட்டில்லையே போனவ எல்லோ?”

(அந்தச் சாவை எங்கள் வீட்டில் புண்ணியமாகவே சொல்வார்கள். நோயில்லை, அழுகையில்லை, நித்திரையிலேயே போனவள் என்று.)

‘எம் வீட்டிலேயே’ என்ற இடத்தில்தான் மோகனசுந்தரம் குரலை உயர்த்தி வாசித்திருந்தார். புத்தகத்தை மூடி, அவர்…

இந்த வசனம் முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

4

முடிவுகள். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அச்சிடலாம். குடும்ப மானம் தப்பும். அச்சிடாமலே விடலாம். அல்லது அந்தப் பக்கத்தையும் போட்டு, அதன் கீழே தொட்டிலில் போனவளின் பெயரையும் போடலாம். ஒரு வீட்டிலாவது ஒரு தாய் பயப்படுவாள்.

எது மானம் என்று நீங்கள் சொல்லுங்கள். அன்று மத்தியானம் வரை எனக்குத் தெரிந்திருந்தது.

5

‘வைத்திலிங்கத்தார் மூத்த பிள்ளைக்கு அபின் குடுத்துச் சாக்காட்டினவராம்’ என்று பக்கத்து அஜின்கோர்ட்டில் கதைக்கிறார்களாம்.

பிழை. மூத்த பிள்ளை என் தகப்பனார். எழுபது வயது தாண்டி இருந்தவர்.

அது இரண்டாவது பிள்ளை. பெயர் சிவக்கொழுந்து.