வாளிமேல் அப்பா பெயர்

"அந்தக் கோட்டா? வேணாம் அத்தை. நாலு தடவ துவைச்சும் இன்னும் நாத்தம் போகல."

"இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே உங்கப்பன் யாரு பக்கத்துல போய் உக்காரப் போறான்?"

ஜெர்மேன் அத்தை சமையலறை மேசையில் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சூடு பட்டதும் வாடை எழுந்தது. பழைய கொழுப்பு, ஊசிப்போன இறைச்சி, கரடிக்குப் பிடிக்குமென்று அதில் கலக்கும் சோம்பு எண்ணெய். ஒடெட் ஜன்னலைத் திறந்தாள். பிறகு, திறந்ததற்கே வெட்கப்பட்டு மூடினாள்.

பதினோரு மணிக்கு அடக்கத் திருப்பலி. அதற்குள் இதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் போட்டுவிட வேண்டும்.

"நாலு வருஷமா அந்த இர்மாவுக்கு விறகு சுமந்தான்," என்றாள் அத்தை. "கடைசியில அவ கொல்லையிலேயே விழுந்து செத்தான். ஒரு கிழட்டு நாய்க்கு இவ்வளவு தண்டனையா? சொல்லு பாப்போம்."

ஒடெட் தொட்டிப் பக்கம் திரும்பினாள். காப்பிப் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

நான்கு வருஷத்துக்கு முன் ஆகஸ்ட் கடைசியில், கரடி வேட்டைக்கு வழிகாட்டியான அப்பா ரோசேருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பாஸ்டனிலிருந்து மூன்று வேட்டைக்காரர்கள் வருவதாக இருந்தார்கள். கரடி ஓரிடத்துக்குப் பழக வேண்டுமென்றால் தினமும் அங்கே இறைச்சி இருந்தாக வேண்டும். அப்பா ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து சொன்னார்: "மேட்டு மேல, ரெட்டை தேவதாரு கிட்டதான் வாளியக் கட்டணும். கீழ வேணாம்மா. கீழ இர்மா வீடு இருக்கு."

இரண்டு வாளிகள். கசாப்புக் கடைக் கழிவு ஒன்றில், தோலுரித்த பீவர் என்னும் நீர்விலங்குகள் இன்னொன்றில். பாதி மேட்டிலேயே ஒடெட்டுக்கு மூச்சு வாங்கியது. சாயங்காலம் ஊர் மன்றத்தில் நடனம். முந்தைய தடவை ஒருத்தன் அவளோடு இரண்டு சுற்று ஆடிவிட்டு, "கறிக்கடையிலயா வேலை?" என்று கேட்டிருந்தான். இன்னும் ஏறினால் வியர்க்கும், வியர்த்தால் வாடை முடியில் ஏறும். திரும்பி இறங்கி, ஓடைக்கரையில் ஒரு மரத்தில் வாளிகளைச் சங்கிலியால் கட்டினாள். வைத்தவர் பெயரும் முகவரியும் மேலே இருக்க வேண்டும், அது சட்டம். அப்பா கொடுத்தனுப்பிய தகரத் தகட்டை ஆணி அடித்தாள். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாள், கோணாமல்.

மூன்றாம் நாள் கரடி வாளிகளைக் காலி பண்ணிவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று மோப்பம் பிடித்துக்கொண்டு இர்மாவின் பின்வாசலுக்குப் போனது. அங்கே கட்டியிருந்த கிழட்டு நாய் பீலூ குரைத்தது. கரடி அடித்தது ஒரே அடி.

வனக்காவலர் பெல்த்தியே தகட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இது உன் பேருதானே ரோசேர்?"

அப்பா தகட்டைப் பார்த்தார். ஒடெட்டைப் பார்க்கவில்லை. "என் பேருதான். நான்தான் வெச்சேன்."

வீட்டுக்குப் பக்கத்தில் இரை வைத்ததற்காக அப்பாவின் வழிகாட்டி உரிமம் போனது. "மேடு ஏற முடியலன்னா வீட்டுலயே வாளிய மாட்டு ரோசேர், கரடிக்கும் நடை மிச்சம்," என்று பெட்ரோல் பங்க்கில் கிண்டல் பண்ணினார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவையாவது கத்தித் தீர்த்திருக்கலாம்.

கோயிலில் பெட்டியை இன்னும் மூடவில்லை. கோட்டு அப்பாவுக்குத் தொளதொளவென்று இருந்தது. பெல்த்தியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒடெட்டிடம் வந்தார்.

"ஆபீஸ்ல பழசெல்லாம் கழிச்சோம். இது உங்க வீட்டுது." சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். தகடு. நான்கு ஆணித் துளைகள்.

"நன்றி."

"முட்டியில தையல் பிரிக்காத மனுஷன் ரெண்டு வாளி இறைச்சியத் தூக்கிக்கிட்டு ஓடை வரைக்கும் நடந்தான்னு அறிக்கையில எழுதினேன்," என்றார் மெதுவாக. "என் கையாலதான் எழுதினேன். அவன் அப்படித்தான் எழுதணும்னான்." பிறகு பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

ஒடெட் தகட்டை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

இர்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். பெட்டி அருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். குனிந்து கோட்டின் காலரைச் சரிசெய்தாள். வாடை அவளுக்கும் அடித்திருக்கும், முகம் சுளிக்கவில்லை.

"முத வருஷம் அவர் விறகு கொண்டாந்தப்ப கதவே திறக்கல நான்," என்றாள் ஒடெட்டிடம். "ரெண்டாவது வருஷம் காப்பி குடுத்தேன். குடிச்சாரு, பேசல. போன திங்கக்கிழமை சொல்லிடணும்னு இருந்தேன், பீலூ விஷயத்த நான் மறந்துட்டேன்னு. காப்பி போட உள்ள போனேன். திரும்பி வர்றதுக்குள்ள..." கைக்குட்டையைத் தேடினாள். "தப்பு பண்ணிட்டு அத இப்படிச் சுமந்த மனுஷன நான் பாத்ததே இல்லம்மா."

"ஆன்ட்டி..."

"சொல்லும்மா."

சவப்பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "மூடிடலாமா? உள்ள வைக்கணும்னு ஏதாவது இருந்தா இப்பவே வெச்சிருங்க."

ஜெபமாலையை அத்தை வைத்தாள். வேட்டைக் கத்தியை யாரோ வைத்தார்கள். எல்லாரும் ஒடெட்டைப் பார்த்தார்கள். அந்தக் கோட்டுப் பை திறந்துதான் இருந்தது. ஒரு தகடு தாராளமாக உள்ளே போகும். போட்டுவிட்டால் அப்பா சொன்னது சொன்னபடியே மண்ணுக்குள் போய்விடும். இந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் தோண்டப் போவதில்லை.

அவள் எதுவும் இல்லையென்று தலையை ஆட்டினாள். மூடி இறங்கியது.

பாடல் ஆரம்பித்தது. முன்வரிசையில் அத்தை தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். ஒடெட் அங்கே போகவில்லை. மூன்றாவது வரிசையில் தனியாக இருந்த இர்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அத்தை திரும்பித் திரும்பி முறைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இர்மா ஆறுதலாக ஒடெட்டின் கையைப் பிடித்தாள். பிடித்த விரல்களில் ஏதோ குத்தியது.

"கையில என்னம்மா வெச்சிருக்க?"

ஒடெட் கையைத் திறந்திருப்பாள் என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? இல்லை, அவள் விரல்களை இன்னும் இறுக மூடிக்கொண்டாள்.