மூன்றாம் வார்டுக்கு இழுத்த ஒயர்

மூன்றாம் வார்டைப் பெருக்கித் துடைக்கிறவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். அவள் நின்ற இடத்தில், அவள் உயரத்துக்கும் அகலத்துக்கும், சாம்பல் நிறக் கோடு போட்ட ஒரு வெறும் கட்டம் நின்றது. அதன் இடது மேல்மூலையில் சிவப்பாக ஒரு சின்னப் பெருக்கல் குறி. குரல் போகவில்லை, பினாயில் வாசனை போகவில்லை, தொட்டால் கை தட்டுப்பட்டது. உருவம் மட்டும் இல்லை. நர்ஸ் அறைக் கண்ணாடியில் அவளே அதைப் பார்த்தாள். இன்னும் நாலு வாளித் தண்ணீருக்கு வேலை இருந்ததால், முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று துடைப்பதைத் தொடர்ந்தாள். அடுத்த பதினோரு நாள் அந்தக் கட்டம் காலை ஆறு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டது, இரத்தம் துடைத்தது, வாந்தி அள்ளியது, இரண்டு மணிக்குப் போனது. டாக்டர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், எப்போதும் நடப்பது போலவே. பன்னிரண்டாம் நாள் அவளே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். “கையெழுத்து இருக்கு. தரை சுத்தமா இருக்கு. அப்புறம் உனக்கு என்னம்மா பிரச்சினை?” என்றார். உருவம் போனதில் ஏதாவது மாயம் இருக்கலாம். அந்தப் பதினோரு நாளில் ஒரு மாயமும் இல்லை.

காரணம் அவள் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் மகளைத் தெருவே ‘பட்டதாரி’ என்றுதான் கூப்பிட்டது. பாதி மரியாதை, பாதி குத்தல். கல்லூரியில் மூன்று வருடமும் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்லிவந்தாள். அது பொய்யில்லை, அதனால்தான் அவ்வளவு நாள் தாங்கியது. பட்டம் வாங்கிய பிறகு போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே, டயர்க் கடை மாடியில், பன்னிரண்டு கணினிகளோடு ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. முதல் மாதம் இணையம் என்றால் என்ன, இரண்டாம் மாதம் வலைப்பக்கம் செய்வது, மூன்றாம் மாதம் கணினியோடு கணினியை ஒயரால் இணைப்பது. சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் பாஸ்வேர்டு சார் என்றார்கள். எதையும் எழுதி வைக்காமல் தலைக்குள்ளேயே வைத்திருப்பார்.

கடைசித் தேர்வுக்கு வீட்டில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். பட்டதாரி ‘எங்கள் அம்மா’ என்று தலைப்பு வைத்தாள். தொழில் என்ற இடத்தில் ‘மருத்துவமனையில் பணி’ என்று போட்டாள். அம்மாவுக்கு இருந்த ஒரே புகைப்படத்தை ஏழாம் எண் கணினிக்குள் ஏற்றி, அது எங்கே இருக்கிறது என்று பக்கத்துக்கு வழி சொல்லும் வரியில், ஏழாம் கணினியின் பெயரையும் அதற்குள் படம் இருந்த அறையையும் எழுதினாள். பன்னிரண்டு கணினிகளும் ஒரே ஒயர்க் கூட்டத்தில் இருந்ததால் பன்னிரண்டிலும் அம்மா பளிச்சென்று வந்தாள்; அந்த ஒயருக்கு வெளியே ஏழாம் கணினிக்கு வழி கிடையாது என்று யாருக்கும் தோன்றவில்லை. வகுப்பு கைதட்டியது. பாஸ்வேர்டு சார் அந்தப் பக்கத்தைச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு இணையத்தில் ஏற்றிவிட்டு, அன்று மாலையே கடல் கடந்த வேலை ஒன்றுக்குக் கிளம்பிப் போனார். பாஸ்வேர்டும் அவரோடு போனது.

அம்மாவின் தம்பி, கேபிள் டிவிக்கு ஒயர் இழுக்கிறவர், அக்கா வீட்டிலேயே இருப்பவர், அவர்தான் முதலில் பார்த்தார். அன்று சாயங்காலம் பட்டதாரி அவரைத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகத் திறந்து காட்டியபோது, தலைப்புக்குக் கீழே, படம் கிடைக்காவிட்டால் கணினி காட்டுகிற சாம்பல் கட்டமும் சிவப்புக் குறியும் இருந்தன.

“என்ன பட்டதாரி, எங்க அக்கா எங்கடி? வெறும் பெட்டிதான இருக்கு?”

“அங்க நல்லா வந்துச்சு மாமா.”

“அங்க வந்தா? ஊருக்கு வரணும்ல?”

அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அதே கட்டம் அடுப்பருகே நின்று, டீ போடவா என்று கேட்டது. அன்று அந்த வீட்டில் யாரும் டீ குடிக்கவில்லை. மறுநாள் மகள் கட்டத்தின் கையைப் பிடித்து டயர்க் கடை மாடிக்கு ஏற்றினாள். வாசல்படியைத் தாண்டியதும் அம்மா வரத் தொடங்கினாள், மேலிருந்து கீழாக, வரி வரியாக: முதலில் தலை வகிடு, பிறகு நெற்றி, புருவம், கன்னம், சீருடையின் கழுத்து, கடைசியாகத் தேய்ந்த செருப்பு. வெளியே வந்தால் மறுபடி கட்டம். பட்டதாரி வேறு ஒரு பக்கம் செய்து, இந்த முறை படத்தையும் சேர்த்து ஒழுங்காக ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. முதல் பக்கத்தையே உலகம் நம்பியது. அந்தப் பக்கத்தைத் திருத்த பாஸ்வேர்டு வேண்டும். ஏழாம் கணினியை அணைத்தால் மாடியிலும் அம்மா இல்லை. ஆகவே சார் விட்டுப்போன வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மாடிச் சாவி தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புது மாணவர்கள் ஏழாம் எண் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று ஒரு அட்டை மாட்டினாள்.

நான்கு மாதம் இப்படியே போயிருக்கும். பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் இருக்கும் துப்புரவுப் பெண்களை நிரந்தரமாக்குவார்கள்; ஒவ்வொருவரையும் அதிகாரி தன் அறையில் நேரில் கண்டு, இரண்டு அங்க அடையாளங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்; இருபத்தாறாம் தேதி காணப்படாதவர்கள் அன்றுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவார்கள். அம்மாவுக்குப் பத்தொன்பது வருடம், ஏழு மாதம். பட்டதாரி மனு எழுதிக்கொண்டு போனாள். தயவுசெய்து அதிகாரி பின்வாசல் தாண்டி மாடிக்கு ஒரு முறை வர வேண்டும் என்று கேட்டாள். சரிபார்ப்பு இந்த அறையில்தான் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. படி இறங்கும்போது, அந்த அறைக்கும் ஏழாம் கணினிக்கும் எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே வந்தாள்.

நானூற்று முப்பது மீட்டர். நூறு மீட்டருக்கு மேல் அந்த ஒயர் எதையும் சுமக்காது. நடுவில் எட்டுத் துளை போட்ட, பச்சை விளக்கு மினுக்கும் இணைப்புப் பெட்டி வைத்துத்தான் அடுத்த ஒயரைத் தொடங்க வேண்டும். நான்கு பெட்டி தேவைப்பட்டது. இரண்டு பயிற்சி நிலையத்தில் இருந்தன, இரண்டை மாமா தன் ஆபீஸ் கழிவுக் குவியலில் தோண்டி எடுத்தார். ஒயர் முனைகளைக் கோக்க ஆள் வேண்டும். சலவைப் பிரிவு அக்காவும் இன்னும் ஆறு துப்புரவுப் பெண்களும் ஷிப்ட் முடிந்து மாடிக்கு வந்தார்கள். எட்டு மெல்லிய கம்பிகள், எட்டு நிறம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஒன்று மாறினாலும் முனை செத்தது. பட்டதாரி மூன்று முறை தப்பாகக் கோத்தாள். சலவை அக்கா ஒரு முறைகூடத் தவறவில்லை. “எந்த வார்டுத் துணி எந்த மூட்டைன்னு கலர் பாத்துப் பிரிக்கிறதுதான்டி எனக்கு வேல. இதுக்கு மூணு மாசம் படிச்சியா?” என்றாள். பட்டதாரி தன் கையில் இருந்த முனையையும் அவளிடமே கொடுத்தாள்.

ஞாயிறு மதியம் மாமா ஏணியோடு ஏறி ஒயரைச் சாலைக்கு மேலே கடத்தினார். முதல் பெட்டி டயர்க் கடைப் பரணில், இரண்டாவது பின்வாசல் காவலாளியின் கூண்டில், மூன்றாவது சலவைப் பிரிவில், நான்காவது நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிற இடத்திலெல்லாம் அம்மா தெரிந்தாள். திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கூண்டைக் கடந்தபோது காவலாளி எழுந்து நின்று, “யாரும்மா நீங்க? உள்ள யாரப் பாக்கணும்?” என்றார். பத்தொன்பது வருடமாக அவளுக்குக் கதவு திறந்துவிட்டவர்தான்.

இருபத்தாறாம் தேதி அம்மாவின் முறை பன்னிரண்டு மணிக்கு வந்தது. பட்டதாரி ஒயரின் கடைசி முனையோடு உள்ளே போய், தான் கொண்டுவந்த இன்னொரு சின்ன இணைப்புப் பெட்டியைச் சுவரோரம் வைத்து அதில் செருகினாள். அதிகாரி தலை தூக்காமல் கேட்டார்.

“இது என்ன ஒயர்?”

“எங்க அம்மா சார்.”

“ஒயரா?”

“இல்ல சார். ஒயருக்கு அந்தப் பக்கம்.”

அதிகாரி நிமிர்ந்தார். மேசைக்கு எதிரே சாம்பல் கட்டம் நின்றது. ஒயர் நீளம் என்பதால் அம்மா மெதுவாகத்தான் வந்தாள். வகிடு வந்தது, நெற்றி வந்தது, முகவாய் வந்தது. “முகவாயில் மச்சம்,” என்று படித்து அதிகாரி ஒரு டிக் போட்டார். அதே நேரம் ப்யூன் கதவை இழுத்துச் சாத்தினான். கதவுக்கு அடியில் கிடந்த ஒயர் வெடுக்கென்று இழுபட்டு, முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு முறிந்தது. நாக்கு இல்லாத முனை துளையில் நிற்காது. அம்மா தோளோடு நின்று, மறுபடி கட்டமானாள். பட்டதாரி தரையில் உட்கார்ந்து, கட்டை விரலால் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வகிடு மறுபடி முதலிலிருந்து வந்தது.

“கொஞ்சம் அசையாம நில்லும்மா,” என்றார் அதிகாரி.

“நான் அசையல சார்,” என்றாள் அம்மா, வாய் இன்னும் வராத நிலையில்.

இரண்டாவது அடையாளம் வலது மணிக்கட்டில் ஆசிட் பட்ட தழும்பு. தோள், முழங்கை. பட்டதாரியின் கட்டை விரல் மரத்தது. அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த மேசையில் அவ்வளவு நேரம் ஒருவரும் அம்மாவை அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது. முன்கை வந்தபோது அவர், “இது எப்படி ஆச்சு?” என்று கேட்டார். படிவத்தில் இல்லாத கேள்வி. “பாத்ரூம் கழுவுற ஆசிட் சார். க்ளவுஸ் கேட்டிருந்தோம்.” “எப்ப கேட்டீங்க?” “பதினாலு வருசம் இருக்கும்.” மணிக்கட்டு வந்தது, தழும்பு வந்தது. அவர் ‘நேரில் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒயரைப் பற்றி எழுதப் படிவத்தில் இடம் இல்லாததால் எழுதவில்லை. ஆனால் அடுத்த மாதம் எல்லா வார்டுக்கும் ரப்பர் கையுறைகள் வந்தன.

ஒன்றரை வருடம் கழித்துப் பாஸ்வேர்டு சார் மின்னஞ்சல் அனுப்பினார். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது ஒவ்வொன்றாக நினைவு வந்ததாம், இந்தப் பாஸ்வேர்டும் வந்ததாம். பட்டதாரி அம்மாவை மாடிக்கு அழைத்து ஏழாம் கணினியின் முன் உட்கார வைத்தாள். பக்கத்தைத் திறந்தாள். முதலில் தொழில் என்ற இடத்தில் இருந்ததை அழித்து, ‘மூன்றாம் வார்டின் துப்புரவுப் பணியாளர்’ என்று அடித்தாள். யாரும் மாற்றச் சொல்லவில்லை, அம்மாவும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு படத்துக்கு வழி சொல்லும் வரிக்கு வந்து நிறுத்தினாள்.

“இந்த ஒரு வரியை மாத்தினா போதும்மா. எல்லா இடத்துலயும் எல்லாருக்கும் தெரிவே. நான் செஞ்ச தப்பு, நானே சரி பண்ணிடுறேன்.”

அம்மா திரையையே பார்த்தாள். “முந்தி எல்லா இடத்துலயும் தெரிஞ்சுக்கிட்டுதானடி இருந்தேன்?”

“ஆமா.”

“எவன் பாத்தான்?”

பட்டதாரியின் கை விசைப்பலகை மேல் இருந்தது.

“வேணாம், விட்டுரு. பாக்கணும்னு நெனக்கிறவங்க ஒயர் இழுத்துக்கட்டும்.”

வரி அப்படியே இருக்கிறது. முதலில் நர்ஸ் அறை இழுத்துக்கொண்டது. அப்புறம் மூன்றாம் வார்டின் நோயாளிகள், இராத்திரி முழுக்க இருமிய பிறகு காலையில் முதலில் வருகிற முகம் வேண்டும் என்று, மனு எழுதி ஒரு பெட்டி வாங்கினார்கள். அதற்கு அடுத்த வருடம் டாக்டர்கள் அறை. மேற்பார்வையாளர் கடைசி வரை இழுக்கவில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் வாழ்த்துச் சொல்ல ஒரு கட்டம் வந்து நின்றது, அவரும் நன்றி சொன்னார். இப்போது கட்டிவரும் புதுக் கட்டடத்தின் வரைபடத்தில், தண்ணீர்க் குழாய்க்கும் ஆக்ஸிஜன் குழாய்க்கும் நடுவே மெல்லியதாக ஒரு நீலக் கோடு எல்லாத் தளங்களுக்கும் போகிறது. அது எதற்கு என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். அந்த அம்மா வேலைக்கு வருவாங்கல்ல என்று பொறியாளர் சொன்னார். ஒப்பந்தக்காரர் சரி என்று குறித்துக்கொண்டு, ஜன்னல்களுக்கு எத்தனை கம்பி என்ற அடுத்த கேள்விக்குப் போனார்.