வலது காதுப் பாட்டு

ஹெட்போன் அவருக்கு. வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றது அவள். அவர் வழக்கம்போல் "எதுக்கு வீண் செலவு" என்று முனகிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் பேச்சு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அவர் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். மலையடிவாரத்து அணைக்கு மாற்றல் வந்திருந்தது. பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் போய்ச் சேர முடியும். வீட்டுக்கு மாதம் ஒரு முறை வரலாம். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இவளுக்கு ரெடிமேட் துணி கம்பெனியின் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர் வேலை. விட்டுவிட்டுப் பின்னால் ஓட முடியாது. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி, வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டே ஒரு சேதியைப் போட்டு உடைத்தாள். மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்தி வைப்பார்களாம். இவர்தான் எழுதிக் கொடுக்கவில்லையாம்.

அன்றிலிருந்து அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. போகச் சொன்னதால் போகிறாரா, போனால் போதும் என்று போகிறாரா? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, பஸ்ஸில் பாட்டுக் கேட்க நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கித் தரலாம் என்று முடிவு செய்தாள். பெண்களின் புத்தி சில சமயம் இப்படிச் சுற்றிவளைத்துப் போகும். ஆண்களின் புத்தி அந்த அளவுகூடப் போகாது, இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கடை ஒரு சந்துபோல் நீளமாக இருந்தது. சுவரெல்லாம் கொக்கி, கொக்கியெல்லாம் ஹெட்போன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் தன் வரம்பை முதலிலேயே சொல்லிவிட்டாள். யானை விலை குதிரை விலை சொன்னால் இப்படியே திரும்பிவிடுவோம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது, காதை மூடும் கப்பின் பின்பக்கம் வலைபோல் திறந்திருந்த ஒன்று. பாட்டு காற்றில் மிதந்து வந்தது. ஆனால் எதிரே நின்ற கடைக்காரருக்கும் அது கேட்டது, வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. பஸ்ஸுக்கு என்றால் பின்பக்கம் மூடினதுதான் சரி, உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது என்று கடைக்காரர் வேறொரு வரிசையைக் காட்டினார். கணவர் அதில் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார். பம்ப் ஹவுஸில் மோட்டார் இரைச்சலுக்குப் போடும் காது மூடி மாதிரியே இருக்கிறதாம். சம்பளம் இல்லாமல் அதை எதற்குப் போடுவது என்றார். நெடுநாள் கழித்து அவர் அடித்த ஜோக். அவள் சிரிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது தலையை இறுக்கியது. அதற்கடுத்தது, அவருடைய கண்ணாடிக் காம்பு மேல் உட்கார்ந்து இடைவெளி விட்டது. அந்த இடுக்கு வழியாகத் தெருச்சத்தம் உள்ளே வந்தது. சார்ஜ் போடும் வகையே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். சொந்த போனுக்கே சார்ஜ் போட மறக்கிற மனிதர். விலை குறைந்த ஒன்றை அவள் கையில் வாங்கி, காது மெத்தையின் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். ரெக்சினை இழுத்து ஒட்டியிருந்தார்கள், ஓரத்தில் மடிப்பே விடவில்லை. ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும் என்று திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் முதன்முறையாக நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

கடைசியில் வந்தது கறுப்பாக, அழகு என்று சொல்ல எதுவுமில்லாத ஒன்று. மெத்தை தடிமன், தையல் நெருக்கம், மடித்துப் பைக்குள் வைக்கலாம், ஒயர் போனால் வேறு ஒயர் மாட்டலாம். கப் இரண்டும் கழுத்தைத் திருப்புவதுபோல் முழுதாக வெளிப்பக்கம் திரும்பின. கேட்டுப் பார்க்கப் பழகின பாட்டாகப் போடுங்கள் என்றார் கடைக்காரர்.

பழகின பாட்டு அவள் போனில் இருந்தது. அதற்காகவே காத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை வீடு. மாமனார், மாமியார், நாத்தனார், நடுவில் ஒரு திரைச்சீலை. இருமினால்கூட நாலு பேர் தண்ணீர் கொண்டுவருவார்கள். மாமனாரின் டேப் ரேடியோவில் செய்தி மட்டும்தான் ஓடும், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அவள் தம்பி கல்யாணப் பரிசாக ஒரு வாக்மேனும், ஒரு கேசட் நிறையப் பாட்டும் கொடுத்திருந்தான். இருவருக்கும் ஒரே திசையில் வேலை. காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், இல்லாவிட்டால் குமட்டும். வலது காதுக்குமிழ் அவளுக்கு, இடது அவருக்கு. ஒயர் குட்டை என்பதால் தலையோடு தலை ஒட்டித்தான் உட்கார வேண்டும். அவர்களுக்கென்று இருந்த தனி அறை அந்த இரண்டு பேர் சீட்டுதான். அதில் வாடகையில்லாமல் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று அவள் இப்போதும் நினைத்துக்கொள்வாள்.

கேசட்டின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் தம்பியின் நண்பர்கள் பாடிய பாட்டு ஒன்று இருந்தது. எந்த வழியாக வருவாய் என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுநடுவே நிறுத்திவிடுவாள், லேசாகத் தாளம் மட்டும் ஓடும். பாவம், மூச்சு வாங்குகிறாள் என்பாள் இவள். பெண்ணா, பாடுவது ஆண் அல்லவா என்பார் அவர். அவனுக்கு அடிக்கடி வரி மறந்துபோய்விடுகிறது, அதுதான் நிறுத்துகிறான் என்பார். ஒருவர் காதை ஒருவர் கேலி செய்தே பல நாள் இறங்கும் இடம் தாண்டிப் போயிருக்கிறார்கள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். முடிந்துவிடுமே என்றுதான் இருவரும் கேட்கவில்லை. பிறகு வாக்மேன் கெட்டது, வீடு மாறியதில் கேசட் காணாமல் போனது. அந்தச் சண்டையும் எங்கேயோ தொலைந்துபோனது.

போன வாரம் நாத்தனார் பழைய தையல் மெஷினின் டிராயரில் அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்து, யாரிடமோ கொடுத்துப் பாட்டைப் போனுக்கு மாற்றி அனுப்பியிருந்தாள். இவள் போனில் ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது; இயர்போனிலும் ஒரு பக்கம் ஊமை. இருந்த ஒரு பக்கத்தில் கேட்டாள். சந்தேகமே இல்லை, பெண்தான். இத்தனை வருஷம் கழித்து ஜெயித்தாயிற்று என்று, அவரிடம் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தாள்.

முதலில் தானே மாட்டிக்கொண்டாள். மெத்தை காதை மூடியதும் தெரு அப்படியே அடங்கியது. வலது பக்கம் அந்தப் பெண் பாடினாள், நிறுத்தினாள். இடது பக்கம் ஓர் ஆண் பதில் சொன்னான்.

அடுத்த வரிக்கும் அவன் பதில் சொன்னான். பாடுகிறவள் மூச்சு வாங்குகிறாள் என்று இவள் நினைத்த ஒவ்வோர் இடத்திலும் அவன் இருந்தான். இவள் ஹெட்போனைக் கழற்றி, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன் என்று சொல்லி அவர் தலையில் மாட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றுமில்லை.

ஆளுக்கு ஒரு மைக் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள், ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் விழுந்திருக்கிறது என்றார் கடைக்காரர். அதை இருவரும் காதில் வாங்கவில்லை.

"மூச்சு வாங்கலைங்க அவ," என்றாள் அவள். "பதில் சொல்லுவான்னு நின்னிருக்கா."

"இவனும் ஒண்ணும் மறந்துபோகல," என்றார் அவர். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தார். "மாத்தல் ஆர்டர் வந்த அன்னிக்கு மேஜை மேல வச்சேன். நீ படிச்சே. போகாதீங்கன்னு சொல்லுவியான்னு பாத்தேன். நீ பாத்திரம் கழுவப் போயிட்டே."

"வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுப்பீங்கன்னு நான் பாத்தேன்."

"நீ ஒண்ணும் சொல்லலையே. நான் இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான் போலன்னு நெனச்சேன்."

அடுப்பில் பால் வைத்தவள்போல் அவள் அவசரப்பட்டாள். இன்னொரு நிமிடம் விட்டால் திரும்பவும் வாய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

"போகாதீங்க," என்றாள். "இப்ப சொல்றேன். எழுதிக் குடுங்க."

அவர் தலையாட்டினார். திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறதாம். வேண்டாம் என்று எழுதிய தாள் சட்டைப் பையிலேயே இருக்கிறதாம், கையெழுத்துத்தான் பாக்கியாம். அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கண் நிறைந்துவிட்டது.

பிழைப்பு போயிற்றே என்று கடைக்காரர் ஹெட்போனை வாங்கிக் கொக்கியில் மாட்டப் போனார். மலையடிவாரத்துப் பஸ்ஸே இல்லையென்றால் ஹெட்போன் எதற்கு? அவள் விடவில்லை.

"பில் போடுங்க. வீட்டுக்கும் பஸ்லதானே போறோம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கே கிடைத்தது. அவர் இரண்டு கப்களையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, தங்கள் இருவர் தலைக்கும் நடுவில் ஹெட்போனைப் பிடித்தார். பழக்கதோஷம், வலது கப் அவள் பக்கம் இருந்தது. முன் சீட்டுப் பெண்மணி திரும்பி ஒரு மாதிரி பார்த்தாள். கூச்சப்படுகிற மனிதர், அன்று கூச்சப்படவில்லை.

அவள் ஹெட்போனை அவர் கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பிடித்தாள்.

"இன்னிக்கு உங்க பக்கத்தை நான் கேக்கறேன்," என்றாள்.