இடது தோளில் ஒரு கை

பச்சை குத்திய மூன்றாம் நாள் காலையில் கண்ணாடிக்காரரின் இடது தோளில் இருந்த கை விரல்களை மடக்கி நீட்டியது. அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டை போடாமலே கூடத்துக்கு வந்து மகளிடம் தோளைக் காட்டினார். மகள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அம்மா கைதான். சுண்டு விரல் கோணல்கூட அப்படியே இருக்கு," என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் களிம்பைத் தடவிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அந்தக் கை தோளுக்கு வந்த விதம் இது. அவர் அப்போது முப்பத்தோரு வருடமாக ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்தி வந்தவர். கல்யாணமான நாள் முதல் அவருக்கும் மனைவிக்கும் ஒரே சண்டை, அதுவும் கைரேகைச் சண்டை. எண்ணெய்க் கையோ ஈரக் கையோ, கண்ணாடியைக் கண்டால் அவள் உள்ளங்கை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இவர் துணியும் கையுமாகப் பின்னாலேயே போவார். "ஊரார் வீட்டுக் கண்ணாடியெல்லாம் பளபளன்னு இருக்கு, என் வீடு மட்டும் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ரேகையா கிடக்கு," என்பார். "துடைக்கிறவர் இருக்கும்போது வைக்கிறவளுக்கு என்ன கவலை," என்பாள் அவள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாரடைப்பில் அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்த பிறகு அவர் வீடு முழுக்க ரேகை தேடினார். ஒன்றுகூட மிச்சமில்லாமல் துடைத்து வைத்த பாவி அவரேதான். இரண்டு மாதம் கழித்து, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒன்று அகப்பட்டது, ஐந்து விரலும் உள்ளங்கையும் முழுசாக. கண்ணாடியைக் கழற்றி, நான்கு பக்கமும் கீறி, ரேகையுள்ள சதுரத்தை மட்டும் உடைத்தெடுத்தார். அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பச்சை குத்தும் கடைக்கு எடுத்துப் போனார்.

கடைக்காரி பருத்த, நிதானமான பெண். அளவு மாறாமல் குத்தி முடித்துவிட்டு விதிகளைச் சொன்னாள். "ரெண்டு வேளை சோப்பு போட்டுக் கழுவுங்க. ஒத்தி எடுக்கணும், கண்ணாடி துடைக்கிற மாதிரி தேய்க்கக் கூடாது. களிம்பு மெல்லிசா போதும். வெயில் ஆகாது, தொட்டியில ஊறக் கூடாது. பொருக்கு கட்டும், அரிக்கும். பிச்சீங்கன்னா அந்த இடத்துல மையும் சேர்ந்து வந்துடும் சார்."

அவர் பிய்க்கவில்லை. கைதான் பிய்த்தது. ஆறாம் நாள் பொருக்கு கட்டியதும், விரல்கள் வளைந்து தம் மேலேயே நகம் போட ஆரம்பித்தன. உயிரோடிருந்தபோதும் அவளுக்கு ஒரு புண்ணை ஆறவிடத் தெரியாது. தன் புண், பிறர் புண் என்ற பேதமும் கிடையாது. கண்ணாடிக்காரர் வேலைக்குப் போகாமல், தன் கைகளைக் கழுவிக்கொண்டு, சலவைத் துணியால் தோளைப் பொத்தியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சும்மா இரேன்டி, உதிர்ந்து போயிடுவே," என்று கெஞ்சினார். கண் அசந்த பத்து நிமிடத்தில் சுண்டு விரலின் நுனி போய்விட்டது. கீழே கிடந்த கருப்புச் செதிலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

கடைக்காரி ஆச்சரியப்படவில்லை. "மூணு வாரம் பொறுங்க சார், தோல் ஆறினா அடங்கிடும். போன வருஷம் ஒருத்தருக்குப் பூனை குத்தினேன். பதினெட்டு நாள் கத்துச்சு. இப்ப வெறும் படம்தான்."

ஆறாவிட்டால் கை உதிர்ந்துவிடும், ஆறினால் அசையாது. ஒரு பயத்தோடு போனவர் இரண்டோடு திரும்பினார். வழியில் மருந்துக்கடையில் மூன்று குழாய் களிம்பு வாங்கினார். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பதிக்கும் பசையான பட்டியைக் காற்றுப் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இறுகாது. இது அவர் தொழில் அறிவு. தோளில் களிம்பை அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மகளுக்குத் தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். நாலு நாள் கை சுகமாக இருந்தது. அவர் காரை எலும்பைத் தடவியது, தாளம் போட்டது. அவரும் நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது.

மகள்தான் தாளைப் பிரித்தாள். நாற்றம் கூடத்தை நிறைத்தது. தோள் பழுத்துச் சிவந்திருந்தது. அம்மாவின் விரல்கள் வீங்கி, அசைய முடியாமல் கிடந்தன.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஆறிட்டா அவ போயிடுவாம்மா."

"இப்படி அழுக விட்டா மட்டும் இருப்பாங்களா? ஒரு தடவை சாகக் குடுத்தது போதாதா உங்களுக்கு?"

மகள் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மருத்துவர் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் தோலையே வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் ஒரு விதியும் தவறவில்லை. கழுவினார், ஒத்தினார், காற்றாட விட்டார். வீக்கம் வடிய வடிய விரல்களின் அசைவும் குறைந்து வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கழுவினார். நாற்பதாம் நாள் தோல் வழுவழுவென்று ஆறியது. கை அசையவில்லை. ஒரு வாரம் நிலைக்கண்ணாடி முன்னால் காத்திருந்தார். மகள் இட்லியோ சோறோ எது வைத்தாலும் பாதியில் எழுந்தார்.

எட்டாம் நாள், புண்ணில் புழுதி படுமென்று இத்தனை நாள் ஓரம்கட்டியிருந்த தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஆற்றுப் பாலம் முடிகிற வளைவில் ஒரு லாரியை முந்துவதற்காக முறுக்கினார். தோளில் ஐந்து விரலும் இறுகின. நுனியில்லாத சுண்டு விரல் கொஞ்சம் லேசாக. இருபத்தெட்டு வருடம் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அந்த வளைவில் அப்படித்தான் பிடிப்பாள். அவர் வேகத்தைக் குறைத்தார். பிடி தளர்ந்தது.

வீட்டில் அந்தக் கை இன்றுவரை அசைந்ததில்லை. இந்த ஒன்பது வருடத்தில் அவர் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டியதுமில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், "பெருசு, ஓரமா போ" என்று கத்திவிட்டு முந்துகிறார்கள். அவர் ஒதுங்கி வழி விடுகிறார். தனியாகப் போகிறவர்கள் வேகமாகத்தான் போவார்கள்.