மேசைவிரிப்பில் ஒரு கறை

விஜயரத்தினம் மாமா நான்கு கொப்பிகளைச் சவப்பெட்டிக்குள், தங்கையின் கால்மாட்டில் அடுக்கி வைத்தார்.

"தேவாரக் கொப்பியள். அவளோடையே போகட்டும்."

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி இருந்தது. அதற்குக் கீழே மாமா பார்க்கவில்லை.

வாய்க்கரிசி வரிசை நகர்ந்தது. அது முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தகனசாலையில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலம்தான்.

சிவப்பிரியா முதல் மூன்று கொப்பிகளை ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே இருந்து வாசித்திருந்தாள். நான்காவதை அம்மா போன கிழமைதான் எழுதி முடித்தார். வேறு பிரதி இல்லை.

அவளுடைய முறை வந்தது. அரிசியைப் போட்டாள். பிறகு குனிந்து கொப்பிகளை எடுத்தாள்.

"பிள்ளை, பெட்டிக்குள்ளை வைச்சதை எடுக்கக்கூடாது."

"அது தேவாரமில்லை, மாமா." ஒன்றை விரித்துக் காட்டினாள். "கொலைக்கதை. அம்மா எழுதினது."

"என்ன கொலை?"

"நியூயோர்க்கிலை. நூற்றிமுப்பது வருசத்துக்கு முந்தி, ஒரு கோடீஸ்வரன்ரை விருந்திலை."

"இவள் அமெரிக்காவைக் கண்டவளே?"

"மேசைவிரிப்பைக் கண்டவ, அண்ணை." பின்வரிசையிலிருந்து கொறற்றி அக்கா எழுந்தார். ஹோட்டல் சலவைக்கூடத்தில் அம்மாவோடு பத்தொன்பது வருடம் நின்றவர். "பணக்காரர் எதைச் சிந்துவினம், எதை ஒளிப்பினம் எண்டு எங்களுக்குத் தெரியும். இடைவேளையிலை வாசிச்சுக் காட்டுவா. அதிலை துப்புத் துலக்கிறதே அந்த வீட்டுச் சலவைக்காரிதான். கொலைகாரன் ஆரெண்டு மட்டும் சொல்லாமல் போயிட்டா. விடாதை, பிள்ளை. எனக்குத் தெரிஞ்சாகவேணும்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். மாமா அப்பாவிடம் திரும்பினார்.

"உமக்குத் தெரியுமோ, மச்சான்?"

"எழுதினது போதும், லைற்றை நிப்பாட்டு எண்டு ஒவ்வொரு இரவும் சண்டை பிடிச்சனான்," என்றார் அப்பா. கொப்பியில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை விரலால் தட்டிவிட்டார்.

பெட்டி கொப்பிகள் இல்லாமல் மூடப்பட்டது.

பின்னேரம் வீட்டில் எல்லோரும் தேத்தண்ணி குடித்து முடித்ததும், கொறற்றி அக்கா நான்காவது கொப்பியைச் சிவப்பிரியாவின் மடியில் வைத்தார். சுழிக்குக் கீழே அம்மா தன் பெயரை முழுதாக எழுதியிருந்தார். அவள் அதையும் உரத்து வாசித்தாள்.

"தேவமலர் சோதிலிங்கம். கடைசி அத்தியாயம். சலவைக்காரி பன்னிரண்டு கைத்துண்டுகளையும் சீமான்கள் முன்னால் விரித்தாள். பதினொன்றில் வைன் கறை. ஒன்று மட்டும் அவள் கை படாமலே வெளுத்திருந்தது..."

"கொஞ்சம் பொறு," என்றார் மாமா.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.