ஜெப முகம்

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஒரு மைக் கைமாறும். இந்த வாரம் யாருக்கு ஆண்டவரைப் பற்றிச் சொன்னீர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். அதை நீட்டிக்கொண்டு வருபவருக்கு மைக் அண்ணன் என்றே பெயர். முதலில் தன்னுடையதைச் சொல்லிவிடுவார். பேருந்தில் ஒருவர், முடிவெட்டும் கடையில் ஒருவர், பல் பிடுங்கப் போன இடத்தில் பல் மருத்துவர். வாயைப் பிளந்து படுத்திருக்கும்போது எப்படிப் பேசினார் என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அதிலிருந்துதான் மைக் என் மூக்குக்கு நேராக வர ஆரம்பித்தது.

"சகோதரி, இந்த வாரமாவது?"

நான்கு வாரம் எழுந்து நின்று தரையைப் பார்த்தேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறார், அம்மா அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறாள், அவர்கள் இருவரும் வாங்காத பட்டத்தை வாங்கிய திமிர் எனக்கு நிறையவே உண்டு. அம்மாவை 'ஏய்' என்று கூப்பிட்ட நடத்துநரைப் பேருந்தை நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். ஆண்டவரைப் பற்றிப் பேச மட்டும் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது வாரம் ரோஷம் வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன்.

"நான் லேப்ல ரத்தம் எடுக்கிறேன். தினமும் நாற்பது பேர் என் முன்னாடி கையை நீட்டிட்டு உட்கார்றாங்க. கையில ரப்பர் கட்டு, நரம்புல ஊசி. எழுந்து ஓடவா முடியும்? அடுத்த வாரம் பாருங்க!"

சபை கைதட்டியது. போதகர் மட்டும் லேசாகக் கவலைப்பட்டது போல இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை நடந்தது. என் சாதாரண முகம் சண்டைக்குக் கிளம்பியது மாதிரி இருக்கும். லேபில் என்னை 'ஊசி' என்று கூப்பிடுவது கையில் இருப்பதை வைத்து மட்டும் இல்லை. அதனால் மைக் அண்ணனின் முகத்தைக் கடன் வாங்கினேன். புருவத்தை இறக்கி, கண்ணைப் பாதி மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டை உள்ளே மடித்து ஒரு பெருமூச்சு. அச்சு அசலாக வந்தது.

அம்மா கதவைத் தட்டினாள். "உள்ள யாருகிட்டடி பேசுற?"

"ஜெபம் பண்றேம்மா."

"ஊரை ரட்சிக்கிறது இருக்கட்டும். முதல்ல சமையலறையில கிடக்கிற பாத்திரத்தை வந்து ரட்சி."

செவ்வாய்க்கிழமை காலை களத்தில் இறங்கினேன். முதலில் வந்தவர் மலை மாதிரி ஒரு ஆள். ஊசியைக் கண்டதுமே மயங்கிச் சரிந்தார். மயக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை செல்லாது. இரண்டாவது வந்தவர் வேறொரு சபையின் மூப்பர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எனக்குச் சொல்ல ஆரம்பித்து, தன் சபையின் முகவரியையும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர்தான் தையற்காரம்மா.

நாற்பது வயது இருக்கும். வெளிறிய முகம், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருந்தார். "நீங்களும் என் ஆளுதாம்மா, ஊசி பிடிக்கிற கை," என்று சிரித்தார். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ரத்தம் எடுத்தேன், பஞ்சை வைத்து அழுத்தினேன், அழுத்திய கையை விடாமல் முகத்தைப் போட்டேன்.

"அம்மா, என்ன வந்தாலும் கலங்காதீங்க. கர்த்தர் உங்களைக் கைவிட மாட்டாரு. நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன்."

அவர் சிரிப்பு நின்றது. "எதுக்கும்மா?"

"எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும்மா." பெருமூச்சு. ரசீதோடு சேர்த்து ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கையில் வைத்தேன். சபையில் கட்டுக்கட்டாகக் கிடப்பது. அட்டையில் பெரிய எழுத்தில்: 'நாளை நீ இருப்பாயா?'

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். தொட்டுவிட்டது, தொட்டுவிட்டது என்று எனக்குள் ஒரே துள்ளல். ஞாயிற்றுக்கிழமைக்கான முதல் வரியைக்கூட மனதில் எழுதிவிட்டேன்.

அன்று மாலையே முடிவு வந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. மற்றதெல்லாம் சரி. மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்: "இரும்புச்சத்து சுத்தமா இல்ல. கவனிச்சா சரியாயிடும். ஆனா உடனே வரச் சொல்லுங்க, இப்படியே வேலை செஞ்சா இதயம் தாங்காது." தையற்காரம்மா போனை எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை லேபுக்குப் பொறுப்பான பெரியக்கா போனை ஸ்பீக்கரில் போட்டபோது ஒரு சிறுமி எடுத்தாள்.

"அம்மாவுக்கு ரிப்போர்ட் வேண்டாமாம். அங்க ரத்தம் எடுக்கிற அக்கா ஏற்கெனவே சொல்லிட்டாங்களாம். அம்மா சாகப்போறாங்களாம்." போன் வைக்கப்பட்டது.

பெரியக்கா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "எந்த அக்கா?"

சொன்னேன். முகத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊசி, உனக்குப் பேச வேற இடமே கிடைக்கலையா? நான் திட்டுறதை அப்புறம் வெச்சுக்கிறேன். நேர்ல போ. அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்க்காம இங்க கால் வைக்காதே."

வழியெல்லாம் மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பா? கர்த்தர் கைவிடமாட்டார் என்பது பொய்யா? அந்த அம்மாவுக்கு நம்பிக்கை பத்தவில்லை என்றால் நானா பொறுப்பு? மூன்றாவது மாடி ஏறி முடிப்பதற்குள் வழக்கில் ஜெயித்தே விட்டேன்.

கதவைச் சிறுமி திறந்தாள். எட்டு வயது இருக்கும். அவளுக்குப் பின்னால், அறையின் குறுக்கே கட்டிய கயிற்றில், ஒரே நீலத் துணியில் தைத்த கவுன்கள் வரிசையாகத் தொங்கின. முதலாவது அவள் அளவு. அடுத்தது ஒரு விரற்கடை நீளம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியில் தொங்கியது என் உயரம்.

"அது ஒன்பது வயசுக்கு, அது பத்துக்கு, அது பதினொண்ணுக்கு," என்று விரல் நீட்டினாள் சிறுமி. "அம்மா தூங்கவே மாட்டேங்கிறாங்க."

என் வக்கீல் கட்சியை விட்டு ஓடிவிட்டான்.

தையற்காரம்மா இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தார். உதடு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. சுவரில் என் பிரசுரம். 'நாளை நீ இருப்பாயா' மேல் வரிசையாகக் குண்டூசிகள் குத்தியிருந்தன. லேபிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் நிமிரவில்லை.

"எவ்வளவு நாள் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போம்மா. இருபது வயசு வரைக்கும் வெட்டி வெச்சிருக்கேன்."

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. இரும்புச்சத்துதான் குறைவு. சரியாயிடும். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சமாதானம் சொல்லாதே. அன்னைக்கு உன் மூஞ்சியைப் பார்த்தேனே."

ரிப்போர்ட்டை நீட்டினேன். "காகிதம்தானே," என்றார். சாவு என்ற சொல்லே இல்லாமல் மரணச் செய்தியை மூன்றே நிமிடத்தில் நம்ப வைத்தவள் நான். உண்மையான நல்ல செய்தியோடு வந்து நின்றால் ஒரு எழுத்தைக்கூட நம்ப வைக்க முடியவில்லை.

"சரி. உன் சாமி மேல சத்தியம் பண்ணிச் சொல்லு."

"அது... எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுன்னு..."

"பார்த்தியா!" இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. இரண்டு அங்குலம் தைப்பதற்குள் மூச்சு வாங்கி நெற்றியை இயந்திரத்தின் மேல் சாய்த்தார்.

கோபத்தில்தான் எனக்கு உண்மை வரும். கத்தினேன். "அந்த மூஞ்சி பொய்ம்மா! அப்போ உங்க ரத்தத்தை மெஷின்லகூட வைக்கல. ஞாயித்துக்கிழமை மைக்ல சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும். நீங்க கிடைச்சீங்க. அது குளியலறைக் கண்ணாடியில பழகின மூஞ்சி!"

மிதியிலிருந்து கால் இறங்கியது. முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"செஞ்சு காட்டு."

"என்னது?"

"பழகினதுன்னா மறுபடி வருமில்ல? செய்."

ஒரு பட்டதாரி, மூன்றாவது மாடியில், கவுன் வரிசைக்கு நடுவில் நின்று புருவத்தை இறக்கினாள். கண்ணைப் பாதி மூடினாள். தலையைச் சாய்த்து, உதட்டை மடித்து, பெருமூச்சு விட்டாள். "அம்மா, என்ன வந்தாலும் கலங்காதீங்க..."

சிறுமிதான் முதலில் சிரித்தாள். "அம்மா, வயித்து வலி வந்த மாதிரி இருக்காங்க!"

"அதேதான்," என்றார் தையற்காரம்மா. "ஒரு நூல் பிசகாம அதேதான்." பிறகு அவரும் சிரித்தார். சிரிக்க மூச்சு போதாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. முடிவில் அந்தக் கை என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தது. நன்றாகவே வலித்தது.

பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் போனதும் மெதுவாகக் கேட்டார். "மூஞ்சி பொய். அது சரி. ஜெபம் பண்றேன்னியே, அது பண்ணினியா?"

ஜன்னல் பக்கம் திரும்பினேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு முறைகூட இல்லை. மைக்கில் சொல்ல வேண்டியதை மூன்று முறை திருத்தி எழுதியிருந்தேன்.

"இல்லம்மா. மறந்துட்டேன்."

"அடிப்பாவி." முழங்கையால் என்னை இடித்தார். "சரி, இப்போ பண்ணு. எனக்குக் கேக்கணும். கண்ணைக் கிண்ணை மூடாதே, பயமா இருக்கு."

கண்ணைத் திறந்தபடி, முன்னிருக்கைக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒத்திகை பார்த்த வரி ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, நான் இவங்களைப் பயமுறுத்திட்டேன். இவங்களுக்கு நல்லாகணும். அந்தக் கவுனையெல்லாம் இவங்க கையாலயே பாப்பாவுக்குப் போட்டுவிடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா வருது."

"ம்," என்று என் தோளில் சாய்ந்துகொண்டார். சாய்ந்தவர் விரலால் என் தோள் தையலைத் தடவிப் பார்த்தார். "இதை யாரு தச்சது? கண்றாவியா இருக்கு. இருபதுக்கு வெட்டினது உனக்குச் சரியா இருக்கும். உன்னால வெட்டினது, நீயே போட்டுக்கோ. ஆனா அதைப் போட்டுக்கிட்டு எவனுக்கும் அந்த மூஞ்சியைக் காட்டினேன்னா பாரு."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சிறுமி மணியடித்தாள். நான் தையற்காரம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். எழுந்து ஓட முடியாத கைதான். இந்த முறை வாயை மூடிக்கொண்டு, படிக்கட்டை மட்டும் பார்த்து நடந்தேன்.